பிச்சையல்ல, உரிமை!

வேலையிலிருக்கும்போது பார்வை இழந்த சர்க்கார் ஊழியரை நீக்கக்கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் மாற்று வேலை தரவேண்டும். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20-வது பிரிவு சொல்வது இது. நியாயம்தான், வரவேற்கிறோம்!

ஆனால் தனியார் ஆலையில் கண்ணிழந்த தோழருக்கும், வயலில் கண்ணிழந்த விவசாயத் தொழிலாளிக்கும் இந்தப் பாதுகாப்பு எங்கே?

வெள்ளைக் கைத்தடியுடன் நடக்கவும், பிரெயில் படிக்கவும், புதுத் தொழில் செய்யவும் பயிற்சி கொடுத்தால் அவர்கள் மீண்டும் உழைப்பார்கள். அந்தப் புனர்வாழ்வுப் பணியையோ, சர்க்காரின் பொருளாதார சக்திக்கு உட்பட்டது என்று 27-வது பிரிவு கட்டிப்போட்டிருக்கிறது. முதலாளிகளுக்குச் சலுகை வழங்கும்போது மட்டும் சக்தி எங்கிருந்து வருகிறது?

20-வது பிரிவைத் தனியார் ஆலைகளுக்கும் விரிவுபடுத்து! தாலுகாதோறும் பயிற்சி நிலையம் திற! தோழர்களே, சங்கம்தோறும் இக்கோரிக்கையை எழுப்புவோம்!