கார்வை எங்கே போகிறது?

பிள்ளை வாசிக்கிற வாத்தியம் நன்றாகக் கேட்கவில்லை என்றால் நாம் முதலில் சந்தேகப்படுவது பிள்ளையைத்தான். வாத்தியம் அடுத்தபடி. அதுவும் "புதுசா ஒண்ணு வாங்கிடலாமா?" என்ற கேள்வியாகத்தான் வரும். இந்தத் தடவை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வேலையைப் பற்றி எழுதுகிறேன். வாத்தியம் கொஞ்சம் அபூர்வமானது: பெடல் ஸ்டீல் கிட்டார்.

பெயர் தெரியாவிட்டாலும் சத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கன்ட்ரி பாட்டுகளில் பின்னாலிருந்து அழுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு வருமே, அதுதான். மேசை போல நாலு காலில் நிற்கும். அதிகம் புழங்கும் இ9 சுருதியில் பத்துக் கம்பி. இடது கையில் உருளையான எஃகுத் துண்டு ஒன்று, அதற்குப் பெயர் பார். கீழே மிதிக்க மூன்று பெடல், முழங்காலால் தள்ள சில நெம்புகோல்கள். கம்பிமேல் இரும்பை இழைக்கும் பழக்கம் ஹவாயிலிருந்து வந்தது. பெடல் அமெரிக்காவில் சேர்ந்தது. 1954இல் வெளிவந்த வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ், ஒலித்துக்கொண்டிருக்கும் கம்பியைப் பெடலால் அப்படியே வளைத்தார். அதற்கப்புறம் ஊரில் இருந்த ஸ்டீல் கிட்டார்க்காரர்கள் எல்லாருக்கும் பெடல் வேண்டியிருந்தது.

டெக்ஸஸில் இருக்கும் என் அக்கா மகள், வயது 15, ஒன்றரை வருஷமாக இதைக் கற்றுக்கொள்கிறாள். கிட்டார் மாணவர்களுக்கான பழைய மாடல், இரண்டாம் கையில் வாங்கியது. போன இலையுதிர் காலத்தில் பள்ளி நிகழ்ச்சி ஒன்றுக்கு மெதுவான ஒரு பாட்டு கொடுத்தார்கள். ஆரம்பத்திலேயே நீண்டு நிற்க வேண்டிய ஸ்வரம் ஒன்று. ஆசிரியர் தன் கிட்டாரில் வாசித்தால் அது பாடுகிறது. இவள் வாசித்தால் இரண்டு எண்ணுவதற்குள் செத்துப்போகிறது. "எனக்குக் கை வரல மாமா, நான் விட்டுடறேன்" என்று போனில் சொன்னாள். அத்தான் நாலாயிரம் டாலரைத் தாண்டும் புதிய கிட்டார்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அக்காவோ, "வீட்ல ஏற்கெனவே ஒரு கீபோர்டும் ஒரு மிருதங்கமும் தூங்குது, மூணாவதுக்கு எடமில்ல" என்றாள்.

முதல் சோதனைக்கு ஒரு காசும் ஆகவில்லை. ஆசிரியரை அவளுடைய கிட்டாரில் வாசிக்கச் சொன்னோம். அவர் கையிலும் அந்த ஸ்வரம் சீக்கிரம் தேய்ந்தது. அவள் கையில் தேய்ந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் தேய்ந்தது. கை ஒரு பங்கு, கிட்டார் ஒரு பங்கு. பெண்ணுக்கு உயிர் வந்தது.

இனி கொஞ்சம் இயற்பியல். ஸ்வரம் நீண்டு நிற்பதை ஆங்கிலத்தில் சஸ்டெய்ன் என்கிறார்கள். நம் சங்கீதத்தில் கார்வை என்ற வார்த்தை இருக்கிறது, அதையே வைத்துக்கொள்கிறேன். மீட்டிய கம்பி, பாருக்கும் மறுமுனையில் இருக்கும் சேஞ்சருக்கும் நடுவில் ஆடுகிறது. சேஞ்சர் என்பது பெடலுக்குத் தகுந்தபடி கம்பியை இழுத்துத் தளர்த்தும் பகுதி. கம்பியில் போட்ட சக்தி பெரும்பாலும் இந்த இரண்டு முனைகள் வழியாகத்தான் ஒழுகிப் போகிறது. முனை கனமாக, உறுதியாக, சுத்தமாக இருந்தால் கார்வை நிற்கும். பிக்கப் அந்த ஆட்டத்தை மின்சாரமாக மாற்றுகிறது, அவ்வளவுதான். புதுப் பிக்கப் நாதத்தின் நிறத்தை மாற்றும், செத்த கம்பிக்கு உயிர் கொடுக்காது. ஆனால் எல்லாரும் முதலில் வாங்குவது பிக்கப்பைத்தான்! பெட்டியில் வருகிற பொருளுக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது.

நாங்கள் பாரிலிருந்து ஆரம்பித்தோம். அவளிடம் இருந்தது முக்கால் அங்குல விட்டம். அதை 7/8 அங்குலமாக மாற்றினோம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் எடை விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும், அதனால் அதே நீளத்துக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் கனம். கோட்டுவாத்தியக்காரர்களுக்கு இது புதிதல்ல. கருங்காலிக் கட்டை தரும் நாதம் வேறு, சித்ரவீணை ரவிகிரண் பயன்படுத்தும் டெஃப்லான் உருளை தரும் நாதம் வேறு. கனமான பாரை அழுத்தவே வேண்டாம், அதன் எடையே போதும். பாருக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டு விரலும் கம்பியை லேசாகத் தொட்டபடி வர வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கத்துக் கம்பியும் சேர்ந்து முனகும். அந்த விரல்களை அவள் தூக்கிக்கொண்டிருந்தாள். ஆசிரியர் சொன்ன 'கை' அதுதான். ஒரு வாரத்தில் சரியானது.

அடுத்தது சேஞ்சர். கம்பி வளைந்து இறங்கும் இடத்தில் அலுமினிய 'விரல்கள்' இருக்கும், கம்பிக்கு ஒன்றாக. வருஷக்கணக்கில் கம்பி அழுத்தி அதில் பள்ளம் விழுந்திருந்தது. பள்ளத்தில் உட்கார்ந்த கம்பி தெளிவான ஒரு புள்ளியிலிருந்து ஆடாது. அதனால் தம்புரா ஜீவாவில் நூல் சரியாக உட்காராத மாதிரி ஒரு இரைச்சல் வரும், கார்வையும் குறையும். தவிர, காய்ந்துபோன எண்ணெயும் தூசியும் சேர்ந்து விரல்கள் முழுசாகத் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. எண்ணெய்ப் பசையை நானே கரைத்தேன். லைட்டரில் ஊற்றும் திரவம்தான், சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் கராஜ் கதவைத் திறந்து வைத்து, பிள்ளைகளைத் தள்ளி நிற்கவைத்துச் செய்யுங்கள். பள்ளத்தைத் தேய்த்து மெருகேற்றுவதை மட்டும் இதே வேலையாக இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். ஒரு விரலைக் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் அந்தக் கம்பி மட்டும் மற்றதைவிடத் தாழ்ந்து நிற்கும்.

கம்பிகள் எல்லாம் புதிது போட்டோம். மூன்றாவது கம்பி, 0.011 அங்குலம், உச்ச இழுவையில் நிற்பது. முதலில் அறுவது அதுதான், பெட்டியில் எப்போதும் நாலைந்து இருக்கட்டும்.

பிக்கப்பை மாற்றவில்லை, உயரத்தை மட்டும் மாற்றினோம். கம்பிக்கு ரொம்பக் கிட்டே இருந்தால் காந்தமே கம்பியை இழுக்கும். தள்ளியிருந்தால் சத்தம் மெலியும். ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பு, வாசி, பதிவு செய். வேலையில் பக் தேடும்போது நான் பிடிவாதமாக இருக்கும் ஒரே விஷயம், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே கம்பி, 12ஆம் ஃபிரெட், அதே ஸ்வரம் என்று கணினியில் பதிந்தோம். அப்புறம் கோப்புகளின் பெயரை நம்பராக்கிக் கலைத்து, எது எதுவென்று சொல்லாமல் அவளுக்கே போட்டுக் காட்டினேன். பாரையும் சேஞ்சரையும் ஒவ்வொரு முறையும் சரியாகப் பிடித்தாள். பிக்கப் உயரத்தில் இரண்டு தடவை தடுமாறினாள். அத்தான் எல்லாவற்றிலும் தடுமாறினார்.

கடைசியாக வால்யூம் பெடல். இந்த வாத்தியத்தில் கார்வையில் ஒரு பகுதி வலது காலில் இருக்கிறது. பாதி அளவில் மீட்டி, ஸ்வரம் தேயத் தேயப் பாதத்தை மெல்ல முன்னே தள்ளுவார்கள். கேட்பவருக்கு அது தேயாத மாதிரியே இருக்கும். அவள் பெடலை எப்போதும் முழுசாக அழுத்தி வைத்துவிட்டு வாசித்தாள், தள்ளுவதற்கு மிச்சமே இல்லை. உள்ளே இருந்த 500 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரும் தேய்ந்து கரகரத்தது. மாற்றினோம். பிக்கப்புக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு சின்ன பஃபர் வைத்தால் நீள கேபிளில் கரையும் மேல் ஸ்தாயிப் பளபளப்பு தப்பிக்கும். அதையும் வாங்கினோம், எனக்கு அது பிடித்திருக்கிறது. அவளுக்கு ரொம்பக் கூர்மையாகக் கேட்கிறதாம். கழற்றி வைத்திருக்கிறாள்.

மொத்தச் செலவு புதுக் கிட்டாரில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. அந்த நீண்ட ஸ்வரம் இப்போது பாடகர் மூச்செடுக்கும்வரை நிற்கிறது. ஆசிரியருடைய கிட்டார் அளவுக்கா? இல்லை. அவருடையது கெட்டியான மேப்பிள் மரம், இவளுடையதில் எல்லாமே இலேசு. அந்த வித்தியாசத்தை எந்த ஸ்க்ரூவும் திருத்தாது. என்றைக்காவது அந்த வித்தியாசம் அவளுக்கே இடிக்கும். நல்ல கிட்டார் வாங்குவதை அப்போது பேசிக்கொள்ளலாம் என்று அக்காவும் அத்தானும் ஒத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையில் பிக்கப்பையும் மாற்றியே ஆகணும் என்று அவள் பிடிவாதம் பிடிக்கிறாள். நிறம்தான் மாறும் என்று சொல்லிப் பார்த்தேன். "அந்த நிறம்தான் மாமா வேணும்" என்கிறாள். நியாயம்தான். கோடை விடுமுறையில் பக்கத்து வீட்டு நாயைப் பார்த்துக்கொள்கிற காசில் வாங்குவதாக ஏற்பாடு. சால்டரிங் அயர்னை நான் கொண்டுபோக வேண்டும்.