"ரெண்டும் எலிதானே அக்கா?"

எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு யாரோ கொடுத்த பழைய புத்தகக் கட்டில் பிரையன் ஜேக்ஸின் 'ரெட்வால்' இருந்தது. பிள்ளைகளுக்கு அந்த ஆங்கிலம் கடினம். அதனால் தினமும் கொஞ்சம் படித்துத் தமிழில் கதையாகச் சொன்னோம். மடாலயம் ஒன்றில் அமைதியாக வாழும் சுண்டெலிகள். அதைப் பிடிக்கப் படையோடு வரும் எலித் தலைவன் க்ளூனி. மூன்றாம் நாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "ரெண்டும் எலிதானே அக்கா? அது மட்டும் எப்படி நல்ல எலி?"

எங்களிடம் பதில் இல்லை தோழர்களே.

இந்தக் கதைகள் ஏன் பிள்ளைகளை இழுக்கின்றன என்பது நமக்குப் புரிகிறது. சின்னது பெரியதை ஜெயிக்கிறது. அதட்டல் வாங்கியே வளரும் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜேக்ஸும் மேட்டுக்குடி எழுத்தாளர் அல்ல. லிவர்பூல் துறைமுகப் பகுதியில் வளர்ந்தவர், 15 வயதில் பள்ளியை விட்டுக் கப்பல் வேலைக்குப் போனவர். பால் வண்டி ஓட்டிய காலத்தில் பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளி ஒன்றுக்குப் பால் கொண்டுபோனார். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இந்தக் கதையை எழுதினார். 1986இல் நூலாக வந்தது. கண்ணால் பார்க்க முடியாதவர்களுக்கும் தெரியவேண்டும் என்றே ஒவ்வொன்றையும் விவரித்து எழுதினார். விருந்துக் காட்சிகளை எங்கள் பிள்ளைகள் மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார்கள். சில நாள் எங்களுக்கே பசித்தது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இதே வரிசையில் 1995இல் வந்த 'அவுட்காஸ்ட் ஆஃப் ரெட்வால்' நாவலில், கைவிடப்பட்ட ஒரு ஃபெரெட் குட்டியை (கீரி போன்ற பிராணி) மடாலயத்தில் ஒரு இளம் சுண்டெலி வளர்க்கிறாள். குட்டிக்கு வைக்கும் பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றிப் போட்டால் 'தீமை' என்று வரும். தொட்டிலிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது! அவன் திருடுகிறான், விஷம் வைக்கிறான், விரட்டப்படுகிறான். கடைசியில் வளர்த்தவளைக் காப்பாற்றி உயிரையே விடுகிறான். அதற்குப் பிறகும் அவன் கெட்டவன்தான் என்ற முடிவுக்கே அவள் வருகிறாள்.

"மிருகக் கதையிலுமா சாதி பார்க்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். ஜேக்ஸ் சாதியை மனதில் வைத்து எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மனிதர்களைப் பற்றிய நாவலில் ஒருவன் ஏன் கெட்டவன் என்பதற்குக் காரணம் காட்டியாக வேண்டும். மிருகமாக்கிவிட்டால் காரணமே தேவையில்லை, பிறப்பு போதும். வளர்ப்பு மாற்றாது, ரத்தம் காட்டிக்கொடுக்கும் என்ற பேச்சு நம் தெருக்களுக்குப் புதிதா என்ன?

எல்லா மிருகக் கதைகளும் இப்படியல்ல. 2003இல் தொடங்கிய 'வாரியர்ஸ்' வரிசையில் ஒரு வீட்டுப் பூனை காட்டுக் குலத்தில் சேர்கிறது. அதன் பிறப்பைச் சொல்லிச் சொல்லியே அவமதிக்கிறார்கள். பின்னால் அதுவே குலத்தின் தலைவனாகிறது. அங்கே பிறப்பு பற்றிய சண்டை கதைக்குள்ளேயே நடக்கிறது.

அதற்காக 'ரெட்வாலை'த் தூக்கிப் போடவில்லை. தொடர்ந்து சொல்கிறோம், நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கவும் விடுகிறோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், க்ளூனியின் படையில் கடைசி வரிசையில் நிற்கும் எலியின் கதையை எழுதத் தொடங்கியிருக்கிறான். இரண்டு பக்கம் ஆகியிருக்கிறது. அந்த எலிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.