பிரஷ்ஷில் இருப்பது என்ன முடி என்று கடைக்காரருக்குத் தெரிய வேண்டாமா?

வெள்ளவத்தையில் சாரிக் கடை வைத்திருப்பவரிடம் ஒரு துணியைக் கொடுங்கள். தொட்டுப் பார்த்தே பட்டா, பொலியெஸ்டரா என்று சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் ஒரு நூலைப் பிரித்து நெருப்பில் காட்டுவார். ஆனால் மேக்கப் சாமான் விற்கும் நம்மவர்களிடம், "நானா, இந்த பிரஷ்ஷில இருக்கிறது என்ன முடி?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்ல சாமான், கொண்டு போங்க" என்பதுதான் பதில். இது வியாபாரத்துக்கும் நல்லதல்ல, நமது பேருக்கும் நல்லதல்ல.

மினரல் மேக்கப் என்பது மைக்கா, டைட்டானியம் டையொக்சைட், சின்க் ஒக்சைட், அயன் ஒக்சைட் போன்றவற்றை மாவாக அரைத்த உதிரிப் பவுடர். அழுத்திய கொம்பெக்ட் பவுடரில் சேர்க்கும் எண்ணெயும் மெழுகும் இதில் பெரும்பாலும் இல்லை. ஆகவே முகத்தில் ஒரே சீராகப் பிடிக்க வைப்பது பிரஷ்ஷின் வேலை. பஞ்சால் ஒற்றினால் திட்டுத் திட்டாக நிற்கும். "பவுடர் சரியில்லை" என்று திருப்பிக் கொண்டு வருபவர்களில் பலருக்குப் பிழை பவுடரில் அல்ல, பிரஷ்ஷில்தான்.

பன்னிரண்டு பிரஷ் கொண்ட செட் பார்வைக்கு அழகு. ஆனால் வீட்டுப் பாவனைக்கு நான்கு போதும். முகம் முழுவதற்கும், கட்டைக் கைபிடியும் அடர்த்தியான முடியும் கொண்ட கபுகி. கரும்புள்ளியை மறைக்கச் சிறிய தட்டை பிரஷ். கன்னத்துக்கு ஐதான பெரிய பிரஷ். கண் இமைக்கு ஒன்று. மூடியில் சிறிது பவுடரைக் கொட்டி, பிரஷ்ஷைச் சுழற்றி, விளிம்பில் தட்டி மிச்சத்தை உதறி, முகத்தில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். இந்த நாலு வரியை விற்கும்போதே சொல்லிக் கொடுத்தால் அந்தத் தாத்தா அடுத்த முறையும் உங்கள் கடைக்கே வருவார்.

கொள்வனவு செய்யும்போது மூன்று விடயம் பாருங்கள். முடியை மெதுவாக இழுத்தால் உதிரக் கூடாது. நனைத்த வெள்ளை டிஷூவில் தேய்த்தால் சாயம் இறங்கக் கூடாது. முடியைப் பிடித்திருக்கும் உலோக வளையம் ஆடக் கூடாது. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு வாடிக்கையாளர் ஒவ்வொரு சதத்தையும் எண்ணித்தான் செலவழிக்கிறார். ஒரு மாதத்தில் முடி கொட்டும் சாமானைக் கொடுத்து அவரை இழக்க வேண்டாம்.

இனி முக்கியமான விடயம். முடி இரண்டு வகை. ஒன்று ஆடு, அணில், குதிரை போன்ற மிருகங்களின் முடி. மற்றது நைலோன், பொலியெஸ்டர் போன்ற செயற்கை இழை. உதிர்ந்த ஒரு முடியை நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். மிருக முடி மயிர் கருகும் வாடையுடன் எரிந்து, நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகும். ஆனால் அது ஆட்டு முடியா, வேறு முடியா என்பதை நெருப்பு சொல்லாது. பெட்டியில் "நெச்சுரல் ஹெயார்" என்று எழுதியிருப்பதும் சொல்லாது.

பன்றி மயிர் விறைப்பானது. ஆகவே மென்மையான பவுடர் பிரஷ்ஷில் அதைக் காண்பது குறைவு. அதே தட்டில் தொங்கும் தலைவாரும் பிரஷ், புருவ பிரஷ் ஆகியவற்றில்தான் கவனம் வேண்டும். "போர் பிரிஸில்" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் அது பன்றி மயிரேதான். அதை வாசித்தும் பொருள் புரியாமல் விற்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அது கடும் நஜீஸ் என்பதை எவருக்கும் சொல்லத் தேவையில்லை. ஏனைய மிருக முடிகளின் சட்டத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மலேசியாவில் பன்றியின் அல்லது நாயின் எந்தப் பாகத்தால் செய்த பொருளானாலும் அதை எழுதி, வேறாக வைத்தே விற்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் கட்டளை சொல்கிறது. 2017 பெப்ரவரியில் அங்குள்ள அதிகாரிகள் பன்றி மயிர் என்று சந்தேகித்து 2,000க்கும் மேற்பட்ட பெயின்ட் பிரஷ்களைக் கைப்பற்றினார்கள். நம் நாட்டிலும் பாவனையாளரை ஏமாற்றும் வியாபாரத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. சட்டம் வந்து கதவைத் தட்டும் வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?

என் அபிப்பிராயம் இதுதான். கொழும்பில் செயற்கை இழை பிரஷ்ஷையே முதலில் வையுங்கள். நமது ஈரக் காற்றில் மிருக முடி காயச் சுணங்கும். செயற்கை இழை சீக்கிரம் காயும், கழுவுவதும் சுலபம். முஸ்லிம் பெண்ணுக்கும் சந்தேகமில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மரக்கறி மட்டும் உண்ணும் அக்காமாருக்கும் மனக்குறை இல்லை. மிருக முடி பிரஷ் எடுப்பதானால், எந்த மிருகம் என்று பில்லில் எழுதித் தரும்படி இறக்குமதியாளரிடம் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரின் சாமான் நமக்கு வேண்டாம்.

ஒரு பிரஷ்ஷில் கிடைக்கும் இலாபம் சிறிது. ஆனால் "அந்தக் கடையில் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள்" என்ற பேர் எந்த மொத்த வியாபாரியிடமும் வாங்கக் கிடைக்காது.