ஆடும் கைகள் ஆக்கவும் கற்கட்டும்



"கணிப்பொறி விளையாட்டுகளை உருவாக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்று வீட்டில் மகனோ மகளோ சொன்னால், பெற்றோர் உள்ளத்தில் உடனே ஓர் ஐயம் எழுகிறது. விளையாடிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு புதிய சாக்கோ? கைப்பேசியில் மணிக்கணக்காக மூழ்கிக் கிடக்கும் பிள்ளைகளைப் பார்த்துச் சலித்துப்போன தாய்மார்கள் இப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் இந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. தடை விதிப்பதற்கு முன், "ஒரு சிறிய விளையாட்டை முழுமையாகச் செய்து முடித்து எங்களுக்குக் காட்டு" என்று கேளுங்கள். ஆடுவதில் மட்டும் நாட்டமுள்ள பிள்ளை சில நாட்களில் ஒதுங்கிவிடும். ஆக்குவதில் நாட்டமுள்ள பிள்ளை உங்களை விடாது.

சிறிய விளையாட்டு என்றால் எவ்வளவு சிறியது? இதற்கு வரலாறே விடை சொல்கிறது. 1972 ஆம் ஆண்டு, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், அட்டாரி என்னும் நிறுவனம் அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்தது. அதில் சேர்ந்த ஆலன் ஆல்கார்ன் என்ற இளம் பொறியாளருக்கு, நிறுவனர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல் ஒரு வேலையைக் கொடுத்தார். திரையில் இரண்டு மட்டைகள், நடுவில் ஒரு கோடு, ஒரு பந்து, அவ்வளவுதான். புதியவருக்குக் கைப்பழக்கம் வரட்டும் என்று கொடுக்கப்பட்ட பயிற்சி அது. அந்தப் பயிற்சியே 'பாங்' என்னும் பெயரில் வெளிவந்து, வணிகத்தில் பெரும் வெற்றி கண்ட முதல் வீடியோ விளையாட்டாயிற்று.

ஆல்கார்ன் அதில் செய்த நுட்பம் கவனிக்கத் தக்கது. மட்டையை அவர் 8 பகுதிகளாகப் பிரித்தார். நடுவில் படும் பந்து நேராகத் திரும்பும். ஓரத்தில் படும் பந்து சாய்ந்து பறக்கும். ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகமும் கூடும். இந்த இரண்டு விதிகளால், வெறும் புள்ளியும் கோடுமாக இருந்த திரை மனிதரைக் கட்டிப்போடும் ஆட்டமாக மாறியது. கற்கத் தொடங்குவோருக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. சுவை என்பது படங்களின் பகட்டில் இல்லை. விதிகளின் பொருத்தத்தில் இருக்கிறது.

இனி, விளையாட்டு ஒன்றின் உள்ளே நடப்பது என்ன என்று பார்ப்போம். கணிப்பொறி மூன்றே வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. ஆடுபவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று கவனிக்கிறது. அதற்கேற்பப் பந்து, மட்டை ஆகியவற்றின் இடங்களைக் கணக்கிடுகிறது. பிறகு திரையைப் புதிதாக வரைகிறது. இந்தச் சுழற்சி ஒரு விநாடியில் 30 முறையோ 60 முறையோ நடப்பதால், நம் கண்ணுக்கு அது தொடர்ந்த அசைவாகத் தெரிகிறது. இப்படிப் படிப்படியாகக் கட்டளைகளை வகுத்து விடை காணும் முறைக்கு 'அல்காரிதம்' என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல் குவாரிஸ்மியின் பெயர் லத்தீன் மொழியில் திரிந்து உண்டான சொல் அது.

இதைக் கையால் செய்து பார்க்க ஏற்ற கருவி 'ஸ்கிராட்ச்'. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவாகி 2007 இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது, கட்டணம் கிடையாது. சிறப்பாக 8 முதல் 16 வயது வரையுள்ளோருக்காக அமைக்கப்பட்டிருந்தாலும், பெரியவர்களும் இதில் தொடங்கலாம். கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகளைப் போல ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும்.

ஸ்கிராட்சின் ஆடுகளம் 480 அலகு அகலமும் 360 அலகு உயரமும் கொண்டது. நட்ட நடுவே பூஜ்ஜியம். வலது ஓரம் 240. இடது ஓரம் கழித்தல் 240. பந்து ஒவ்வொரு சுற்றிலும் வலப்புறமாக 4 அலகு நகரட்டும். விநாடிக்கு 30 சுற்று என்றால் 120 அலகு. ஓரத்திலிருந்து ஓரத்தை அடைய 4 விநாடி. பந்து சுவரைத் தொட்டதும் அந்தக் கூட்டல் 4 ஐக் கழித்தல் 4 ஆக மாற்றுங்கள். பந்து திரும்பி ஓடிவரும்! 'கழித்தல் எண் எதற்கு உதவும்?' என்று பள்ளிக்கூடத்தில் முகம் சுளித்த பிள்ளைக்கு, அதன் பயன் அந்த ஒரு நொடியில் விளங்கிவிடும்.

பிறகு சோதனை வரும். பந்தின் வேகத்தைச் சுற்றுக்கு 40 அலகு என்று கூட்டினால், சில வேளைகளில் அது மட்டையை ஊடுருவிச் சென்றுவிடும். பிள்ளை திகைத்து நிற்கும். காரணம் எளியது. மட்டையின் தடிமன் 10 அலகுதான். ஒரு சுற்றில் பந்து மட்டைக்கு 20 அலகு முன்னால் இருந்தது. அடுத்த சுற்றில் 20 அலகு பின்னால் போய்விட்டது. இடையில் நடந்ததைக் கணிப்பொறி பார்க்கவே இல்லை. வேகத்துக்கு ஒரு வரம்பு கட்டலாம். அல்லது 40 அலகுப் பாய்ச்சலை நான்கு சிறு அடிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடியிலும் மட்டையைத் தொட்டதா என்று பார்க்கலாம். இத்தகைய பிழையின் வேரைத் தேடிக் கண்டுபிடிப்பதே நிரலாக்கக் கல்வியின் உயிர்நாடி. இந்த இடத்தில் பெற்றோரோ அண்ணனோ குறுக்கிட்டு விடை சொல்லிவிடக் கூடாது. "பந்து அப்போது எந்த இடத்தில் இருந்தது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பதே அவர்கள் செய்யக்கூடிய பேருதவி.

ஸ்கிராட்சில் இரண்டு மூன்று விளையாட்டுகளை முடித்த பின்னர், எழுத்தால் கட்டளையிடும் நிரல் மொழிக்குச் செல்லலாம். பைதான் மொழி அதற்கு உகந்தது. அதற்கும் அடுத்த படியாக 'கோடோ' இருக்கிறது. அர்ஜென்டினா நாட்டின் இரு நிரலாளர்கள் உருவாக்கி, 2014 இல் அதன் மூல நிரலையே உலகுக்குத் திறந்துவிட்டார்கள். அதைக் கொண்டு செய்த விளையாட்டை விற்றாலும் அவர்களுக்குப் பங்கு தர வேண்டியதில்லை. ஆகவே பணமில்லை என்பது இக்கலைக்குத் தடையே அல்ல. பழைய கணிப்பொறி ஒன்று இருந்தாலும் தொடங்கிவிடலாம்.

ஆனால் பலரைப் பாதி வழியில் நிறுத்துவது வேறொன்று, அது பேராசை. முதல் முயற்சியிலேயே பரந்த நகரங்களும் நூறு வீரர்களும் கொண்ட பெரிய விளையாட்டைச் செய்ய முனைகிறார்கள். பெரிய நிறுவனங்களில் நூற்றுக்கணக்கானோர் பல்லாண்டுகள் உழைத்து முடிப்பதை, ஒருவர் விடுமுறைக்குள் முடிக்க நினைத்தால் சோர்வுதான் மிஞ்சும். தனி ஒருவராகச் சாதித்தவர்களும் உண்டு. எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர், பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத நிலையில், நிரல் எழுதும் பயிற்சிக்காக ஒரு வேளாண்மை விளையாட்டைத் தொடங்கினார். படம், இசை, கதை அனைத்தையும் தாமே செய்தார். 'ஸ்டார்டியூ வேலி' என்ற அந்த விளையாட்டு 2016 இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கும் மேலான அன்றாட உழைப்புத் தேவைப்பட்டது என்பதையும், அத்தகைய வெற்றி மிகச் சிலருக்கே வாய்க்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே பழக்க வேண்டும். பிறர் வரைந்த படத்தையும் பிறர் அமைத்த இசையையும் கேளாமல் எடுத்துப் பயன்படுத்துவது முறையன்று. உரிமையாளர்களே மனமுவந்து பொதுவில் வழங்கியவை ஏராளமாகக் கிடைக்கின்றன. அவர்கள் விதித்த நிபந்தனைகளைப் படித்துப் பார்த்து எடுத்தாளலாம். தம் கையாலேயே ஒரு வட்டமும் இரு கட்டங்களும் வரைந்துகொண்டால் இன்னும் நன்று.

வாரத்தில் மூன்று நாட்கள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மகனுக்கு மட்டுமன்று, மகளுக்கும் அதே கணிப்பொறியையும் அதே நேரத்தையும் கொடுங்கள். வேலை முடிந்ததும் வாப்பாவும் உம்மாவும் அமர்ந்து, பிள்ளை செய்த விளையாட்டை ஒருமுறை ஆடிப் பாருங்கள். எங்கே புரியவில்லை, எங்கே சலித்தது என்று மனம் நோகாமல் சொல்லுங்கள். பிறர் ஆடும்போதுதான் படைத்தவனுக்குத் தன் படைப்பின் குறை தெரியும். குறையைத் திருத்தி மறுபடியும் கொண்டு வருகிற பிள்ளை, கணிப்பொறியோடு பொறுமையையும் கற்றுக்கொண்டுவிட்டது என்று நீங்கள் நிம்மதி கொள்ளலாம்.