வைகையோடு போன டேட்டா!

மதுரைக்குப் பக்கத்தில், வைகைக் கரையில் திருவேடகம் இருக்கிறது. ஞானசம்பந்தர் ஆற்றில் விட்ட ஏடு, வெள்ளத்தை எதிர்த்து நீந்திக் கரையேறிய ஊர் என்பது ஐதீகம். ஏட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் இருந்தது. நம்ம ஆபீஸ் டேட்டாபேஸுக்குக் கிடையாது. போனால் போனதுதான்!

'அதான் தினமும் பேக்கப் எடுக்கிறோமேண்ணே!' என்று காலரைத் தூக்கிவிடும் தம்பிகள், 2017 ஜனவரி 31 கதையைக் கேட்க வேண்டும்.

கிட்லேப் என்றொரு கம்பெனி. உலகத்துப் புரோகிராமர்கள் பலர் தங்கள் புரோகிராம்களை நம்பி ஒப்படைக்கிற இடம். அன்று ராத்திரி அதன் டேட்டாபேஸ் திணறியது. சரிசெய்ய உட்கார்ந்த இன்ஜினீயர், உபரி சர்வரில் அழிக்க வேண்டியதை மெயின் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜி.பி.யில் மிச்சம் நாலரை ஜி.பி.!

'பேக்கப்பை எடுப்பா!' என்றால், பேக்கப் பெட்டி காலி. டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன்; பேக்கப் எடுக்கிற புரோகிராமோ 9.2. பழைய சாவிக்குப் புதுப் பூட்டு திறக்குமா? அது 'முடியலை, முடியலை' என்று அழுதிருக்கிறது. அழுகையைச் சொல்ல வேண்டிய ஈமெயிலும் போய்ச் சேரவில்லை! ஆறு மணி நேரம் முன்பு வேறொரு சோதனைக்காக எடுத்த நகல்தான் மானத்தைக் காப்பாற்றியது. நடுவில் பதிவானவை? கோவிந்தா!

பி.காம். பாஷையில் சொன்னால், பேக்கப் எடுப்பது பேரேடு எழுதுகிற மாதிரி. திருப்பி ஏற்றிப் பார்ப்பதுதான் ட்ரயல் பேலன்ஸ். டேலி ஆகாதவரை கணக்கு முடியவில்லை சாமி!

ஆகவே, வெப் சர்வரைக் கட்டி மேய்க்கும் தம்பிகளே... வெப்சைட்டுக்கு ரூட் பாஸ்வேர்டு கொடுக்காமல், தனி யூசர் போடுங்கள். கடைப்பையனுக்குக் கல்லாப்பெட்டி போதும், லாக்கர் எதற்கு? மைஎஸ்கியூஎல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபோல்டரை அப்படியே காப்பியடிக்காதீர்கள். வரவு வந்திருக்கும், செலவு வந்திருக்காது. அதற்கென்றே உள்ள மைஎஸ்கியூஎல்டம்ப்பை, ராத்திரி தானாக ஓடும்படி கிரானில் போடுங்கள். நகலை அதே சர்வரில் வைப்பது, வீட்டுப் பத்திரத்தையும் அதன் ஜெராக்ஸையும் ஒரே பீரோவில் வைப்பது மாதிரி. கறையான் இரண்டையும் சேர்த்தே தின்னும். ஒரு நகலாவது வெளியூரில் இருக்கட்டும்.

மாதம் ஒருநாள், வேறொரு கம்ப்யூட்டரில் அந்த நகலை ஏற்றி, பேக்கப் எடுத்த அன்றைய கடைசி பில் நம்பர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், நேரே விளக்குத்தூண் போய் ஒரு ஜிகர்தண்டா! வராவிட்டாலும் சாப்பிடலாம். மெயின் சர்வர் உயிரோடு இருக்கும்போதே தெரிந்துகொண்டீர்களே!