கடைசி இடம் ஒரே பருவத்தில் வருவதில்லை

ஒரு காற்பந்துக் குழு தொடர்ந்து தோற்றால், யார் காரணம் என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. பயிற்சியாளர் சரியில்லை, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் சரியில்லை, நிர்வாகம் சரியில்லை என்று மாமாக் கடை மேசையிலேயே தீர்ப்பும் வந்துவிடுகிறது. பினாங்குக் குழு 2017-லும் 2022-லும் மலேசிய சூப்பர் லீக்கில் கடைசி இடத்தில் முடித்தது. ஐந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை இப்படி நேர்ந்தால், ஒரு ஆளின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நகர முடியாது. நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் 2017. அந்த ஆண்டு நமக்கு உலகப் புகழோடுதான் தொடங்கியது. 2016 பிப்ரவரி 16 அன்று ஜார்ஜ்டவுன் சிட்டி ஸ்டேடியத்தில் பகாங்குக்கு எதிராக முகமது ஃபைஸ் சுப்ரி ஒரு ஃபிரீ கிக் அடித்தார். கோலுக்கும் பந்துக்கும் ஏறக்குறைய 35 மீட்டர். ஒரு பக்கம் போவதுபோல் புறப்பட்ட பந்து நடுவானில் திசை மாறி, எதிர்ப்பக்க மேல்மூலையில் இறங்கியது. முதலில் தெரிந்த திசையை நம்பி அடி எடுத்து வைத்த கோல்காவலரால் திரும்பி எட்ட முடியவில்லை. அந்த கோலுக்காக 2017 ஜனவரி 9 அன்று ஸூரிக்கில் ஃபைஸுக்கு ஃபிஃபாவின் புஷ்காஷ் விருது கிடைத்தது. அதே மாதம் புதிய பருவம் தொடங்கியது. அது முடிந்தபோது, 12 குழுக்களில் பினாங்கு 12-ஆவது.

இதில் முரண்பாடு ஏதும் இல்லை. ஒரு கோல் ஒரு ஆட்டக்காரரின் திறமையைக் காட்டும். லீக் அட்டவணை காட்டுவது வேறு. சொந்த மண்ணிலும் வெளியூரிலுமாக ஒவ்வொரு குழுவுடனும் இரண்டு முறை மோதினால், பருவத்துக்கு 22 ஆட்டங்கள். காயம், தடை, அலைச்சல் எல்லாவற்றையும் தாங்கி அத்தனை ஆட்டத்துக்கும் ஈடுகொடுக்க எத்தனை பேர் தயாராக இருக்கிறார்கள் என்பதைத்தான் அட்டவணை சொல்கிறது. அந்தப் பருவத்தைத் தொடங்கி வைத்த பயிற்சியாளர் ஆஷ்லி வெஸ்ட்வூட் திறமை இல்லாதவர் அல்ல, பெங்களூரு எஃப்.சி.யை இந்தியாவின் ஐ-லீக்கில் வாகை சூட வைத்தவர். பருவம் முடியும் முன்பே அவர் போனார். பயிற்சியாளர் மாறியும் குழு கடைசி இடத்திலிருந்து மீளவில்லை.

காரணம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. நம் நாட்டில் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் குறுகிய காலத்துக்கே போடப்படுகிறது. பருவம் முடிந்ததும் பலர் கிளம்பிவிடுவார்கள். அடுத்த பருவத்துக்கு ஏறக்குறைய புதுக்குழு. ஒருவர் ஓடும் இடம் மற்றவருக்குப் பழகுவதற்குள் லீக்கின் முதல் பாதி போய்விடும். பின்தங்கிய பிறகு நல்ல ஆட்டக்காரரை நடுவில் இழுத்துவர பணம் வேண்டும். அந்தப் பணமோ வெற்றியைப் பார்த்துத்தான் வரும். தோல்வி பார்வையாளரைக் குறைக்கும், பார்வையாளர் குறைந்தால் ஆதரவாளர் நிறுவனங்கள் தயங்கும், அது மறுபடி தோல்வியில் கொண்டுவந்து நிறுத்தும்.

கடைசியில் வந்த குழுவுக்கு அடுத்து என்ன நடக்கிறது என்பதைத் தீர்மானிப்பது லீக்கின் விதி. 2017-இல் விதி நம்மைக் கீழே தள்ளியது. 2018 முதல் மூன்று பருவம் இரண்டாம் தட்டான பிரீமியர் லீக்கில் ஆடினோம். அண்டை மாநிலக் குழுக்களான கெடாவும் பேராக்கும் லீக் ஆட்டத்துக்காக சிட்டி ஸ்டேடியத்துக்கு வருவது நின்றுபோனது.

அமெரிக்கக் காற்பந்து வேறு விளையாட்டு, அதில் விதியும் நேர்மாறானது. அங்கே என்.எஃப்.எல். லீக்கில் உள்ள 32 குழுக்களில் எதுவும் கீழே இறங்காது. தேசியத் தொலைக்காட்சி வருமானம் சமமாகப் பங்கிடப்படுகிறது. கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசியில் வந்த குழுவுக்கே முதல் வாய்ப்பு. 2008-இல் டெட்ராய்ட் லயன்ஸ் 16 ஆட்டங்களிலும் தோற்றது. நம் பினாங்கு கடைசியில் முடித்த அதே 2017-இல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸும் 16-க்கு 16 தோற்றது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், பிரவுன்ஸ் அதற்கு முந்தைய பருவத்தில் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் வென்றிருந்தது. அதனால் கிடைத்த முதல் தேர்வு வாய்ப்பைப் பயன்படுத்திய பிறகும் ஒரு வெற்றிகூட இல்லை. லயன்ஸோ 2008-க்குப் பிறகு தன் பிரிவின் இறுதிச் சுற்றை எட்ட 15 ஆண்டுகள் ஆயின. ஆக, விதி கைகொடுத்தாலும் குழுவைக் கட்ட வேண்டியவர்கள் உள்ளே இருப்பவர்கள்தான்.

2022 நமக்கு இதையே கற்றுத் தந்தது. 2020-இல் பிரீமியர் லீக்கில் வாகை சூடி மேலே வந்தோம். 2021-இல் மாநிலச் சங்கத்திலிருந்து பிரிந்து பினாங்கு எஃப்.சி. ஆனோம். செக் நாட்டுப் பயிற்சியாளர் தோமாஷ் துருகாவின் கீழ் அந்த ஆண்டே மூன்றாம் இடம். அடுத்த ஆண்டில் அவர் பாதியில் போனார், குழு கடைசிக்கு இறங்கியது. இந்த முறை கீழே போகவில்லை. காரணம், 2023-இல் சூப்பர் லீக்கைப் பெரிதாக்கி, பிரீமியர் லீக்கைக் கலைத்துவிட்டார்கள். நமக்கு மேலே முடித்த மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் உரிமம் கிடைக்காமல் வெளியேற, கடைசியில் வந்த நாம் உள்ளே இருந்தோம். தப்பித்தோம் என்பது உண்மை. ஆனால் தப்பிப்பது வேறு, தேறுவது வேறு. அப்போது இறங்க வேண்டிய பயமும் இருக்கவில்லை, அமெரிக்காவில் போல முதல் தேர்வு வாய்ப்பும் இருக்கவில்லை. வெளியிலிருந்து சாட்டையும் வரவில்லை, மருந்தும் வரவில்லை.

1921-இல் தொடங்கிய சங்கத்தில் பிறந்த குழு இது. 1974-இல் மலேசியக் கிண்ணத்தை நான்காம் முறை வென்றது. 1998-லும் 2001-லும் லீக் பட்டம், 2002-இல் எஃப்.ஏ. கிண்ணம். அந்தப் பெயரைக் காப்பாற்ற நினைக்கும் ரசிகர்கள், தோற்ற மறுநாள் பயிற்சியாளரை மாற்றச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. நிர்வாகத்திடம் ஆண்டுதோறும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். எத்தனை ஆட்டக்காரர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் இருக்கிறது? சம்பளம் மாதாமாதம் போகிறதா? இளையோர் குழுவிலிருந்து இந்த ஆண்டு எத்தனை பேர் முதல் குழுவுக்கு வந்தார்கள்? கணக்கு எப்போது பொதுமக்கள் பார்வைக்கு வரும்? வெற்றி வரும் பருவத்திலும் இவற்றைக் கேட்க வேண்டும். 2021-இல் மூன்றாம் இடத்தைக் கொண்டாடியபோது கேட்டிருக்க வேண்டிய கேள்விகளும் இவைதான்.