பாதுகாப்பு வெட்டிச் செலவா?

பாதுகாப்புக்குப் போடும் காசு வெட்டிச் செலவு என்று நினைக்கும் முதலாளிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். இந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்று காட்ட இரண்டு கம்பெனிகளின் கதை போதும்.

1982, சிகாகோ. டைலெனால் கேப்சூலில் எவனோ சயனைடு கலந்துவிட, 7 பேர் செத்துப்போனார்கள். தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் மேல் தப்பில்லை. "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று கையை விரித்திருக்கலாம். ஆனால் நாடு முழுக்க 3 கோடிக்கும் மேற்பட்ட பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். செலவு சுமார் 10 கோடி டாலர்! யாராவது பிரித்தால் தெரிந்துவிடும் சீலோடு மருந்து மறுபடி கடைக்கு வந்தது. "டைலெனால் கதை முடிந்தது" என்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஓராண்டுக்குள் இழந்த சந்தையில் பெரும்பகுதி திரும்பிவிட்டது.

அடுத்து போயிங். 737 மேக்ஸ் விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் மென்பொருளை ஒரே ஒரு சென்சாரை நம்பி இயங்கவிட்டார்கள். விமானிகளிடமும் அதை விளக்கவில்லை. கூடுதல் பயிற்சி என்றால் விற்பனை படுக்குமே! 2018-ல் இந்தோனேசியா, 2019-ல் எத்தியோப்பியா... 346 உயிர்கள். உலகமெங்கும் மேக்ஸ் தரையில் நின்றது. மிச்சம் பிடித்தது சில்லறை. நஷ்டமோ ஆயிரம் கோடி டாலருக்கும் மேல். டிக்கெட் எடுக்கும்போதே "இது மேக்ஸா?" என்று பார்ப்பவர்கள் இன்றும் உண்டு.

ஒருமுறை சம்பாதித்த நம்பிக்கை காலத்துக்கும் வராது. அதே ஜான்சன் அண்ட் ஜான்சன், டால்க் பேபி பவுடரால் புற்றுநோய் என்ற ஆயிரக்கணக்கான வழக்குகளில் சிக்கியது.

விளம்பரம் பொருளைத்தான் விற்கும். நம்பிக்கையை விற்க எந்த நடிகராலும் முடியாது.